பின்வாசலில் போட்ட தண்ணீர் பில்

கவுன்சில் கூட்டத்தில் நீளமான தாள் எது வந்தாலும் யாராவது ஒருத்தர் "படிச்சதா வச்சுக்குவோம்" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தாள் அடுத்த ஆளிடம் போய்விடும். மேசை மேசையாகத் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டே இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர்கள் படித்தவர்கள், படித்ததாக வைத்துக்கொண்டால் அவர்கள் பாடு என்று இருந்தேன். அது என் தலையிலேயே வந்து விடிந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காலையில் காரைக்குடிச் சந்தைக்குப் போய்விட்டு மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊர். அதற்கும் ஒரு முனிசிபாலிட்டி, ஒரு சேர்மன், ஒரு கமிஷனர் எல்லாம் உண்டு. அறுபதுகளில் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது தெருத்தெருவாகப் பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தவர் என் வீட்டுக்காரர். ஃபிட்டர் வேலை. நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பள்ளத்து ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எந்தக் குழாய் எந்தச் சுவர் வழியாக எந்த வீட்டுக்குள் நுழைகிறது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் மார்வலியில் போன பிறகு ஆபீஸில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் பில்லை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, மற்ற நாளில் ஆபீஸுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது. இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அவர் பதித்த குழாய்க்கு பில் கொண்டுபோக என்னை விட்டால் வேறு யாருக்கு வழி தெரியும்?

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நேரமாகும், ஆனால் வாசித்துவிடுவேன். சம்பள நோட்டில் மற்றப் பெண்கள் பெருவிரலை மையில் வைத்து அழுத்துவார்கள். நான் மைப்பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் குழியில் தள்ளியது.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. செட்டியார் வீடு என்றால் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு முடிந்து பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஒரே வீட்டுக்கு இந்தத் தெருவில் ஒரு கதவு எண், அந்தத் தெருவில் ஒரு கதவு எண். மனிதர்கள் வந்து போவதெல்லாம் முகப்பு வழியாகத்தான். பின்வாசல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஆனால் சமையல்கட்டு பின்னால் இருப்பதால் குழாயும் மீட்டரும் பின்னால்தான். மீட்டர் பார்க்கிறவர் வருகிற நாளில் மட்டும் அந்தக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அப்புறம் விலாசம். அந்த வீட்டார் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பாட்டன், பூட்டன், தகப்பன் என்று முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்துச் சொல்வார்கள், நாலு எழுத்து, ஐந்து எழுத்து. அதுதான் வீட்டுக்கு அடையாளம். ஒரே விலாசத்தில் பங்காளிகள் ஏழெட்டு வீடு இருந்தால், கிணற்று வீடு, நடு வீடு, மேல வீடு என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆபீஸில் பில் எழுதின பழைய குமாஸ்தா இதையெல்லாம் தமிழில் குண்டு குண்டாக எழுதுவார். விலாசம், வீட்டு அடையாளம், முகப்பு இருக்கிற தெரு. எழுத்துக்கூட்டுகிற எனக்கே ஒரு பில் தப்பாது.

அவர் ஓய்வுபெற்றுப் போனார். அடுத்து வந்தவரால் முடியவில்லை. ஒரு அரை வருஷத்து பில் அடுத்த அரை வருஷத்தில்தான் எழுதி முடிந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. பில் எழுதுகிற வேலையை வெளியாளிடம் கொடுத்துவிடலாம் என்று கவுன்சிலில் தீர்மானம் போட்டார்கள். டெண்டர் கேட்டதில் மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் காரைக்குடியில் அச்சாபீஸ் வைத்திருந்தவர். பில்லை அச்சடித்து, விலாசத்தை இரண்டு ஆள் வைத்து எழுதித் தருகிறேன் என்றார். இரண்டாவது ஆள் மதுரை. அவரிடம் தகரத்தில் விலாசத்தைக் குத்தி வைத்து அதை பில்மேல் அழுத்துகிற மிஷின் இருந்தது. மூன்றாவது மெட்ராஸ் கம்பெனி. அட்டையில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு மிஷினுக்குள் விட்டால் கணக்கும் அதுவே போட்டு, பில்லும் அதுவே அடித்துவிடுமாம். மெட்ராஸ்காரர் டை கட்டியிருந்தார். ஓட்டை போட்ட அட்டையைக் கவுன்சிலர்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கவுன்சிலர் தன் பேத்திக்கு விளையாடக் கொடுக்க வேண்டும் என்று ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எந்த ஆளுக்குக் கொடுப்பது என்று தீரவில்லை. அப்போது அரிசி மில் வைத்திருந்த ஒரு கவுன்சிலர் எழுந்தார். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நெல் வாங்காத ஆள். அவர் சொன்னார், "மூணு பேரும் ஆளுக்கு நூறு பில்லு அடிச்சுத் தரட்டும். நம்ம அக்கா கொண்டுபோயிக் குடுக்கட்டும். எவுக பில்லு சரியா வீட்டுல போயிச் சேருதோ அவுகளுக்கே குடுத்துருவோம். வாயால பேசி என்னத்துக்கு?"

கூட்டத்தில் என்னை அக்கா என்று சொன்னது எனக்கு நிறைந்துபோய்விட்டது. அவர் சொன்ன வழியும் நல்ல வழிதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன்.

மூன்று தெருவில் நூறு வீடு குறித்தார்கள். மேனேஜர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். பில்லில் எந்தக் கதவு எழுதியிருக்கிறதோ அந்தக் கதவில்தான் கொடுக்க வேண்டும், ஆள் இல்லை என்றாலோ தங்களுடையது இல்லை என்றாலோ திருப்பிக் கொண்டுவர வேண்டும், எனக்குத் தெரிந்த வழியில் போய்ச் சரிபண்ணிவிடக் கூடாது. பரீட்சை என்றால் அப்படித்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அச்சாபீஸ்காரர் நாலு நாள் என்கூட வெயிலில் நடந்தார். இது எந்த வீடு, முகப்பு எங்குட்டு இருக்கு, இவர்களுக்குள் மேல வீடு யார், நடு வீடு யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தெரு முழுக்க வந்தார். மதுரைக்காரர் ஒரு நாள் வந்தார். பாதித் தெருவோடு போதும் என்று ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். மெட்ராஸ்காரர் தெருப்பக்கமே வரவில்லை. ஆபீஸில் இருந்த மீட்டர் நோட்டை வாங்கிக்கொண்டு போனார். மீட்டர் நோட்டில் இருப்பது மீட்டர் பார்க்கிறவர் நுழைகிற கதவு. அதாவது பின்வாசல்.

பில் வந்தது. அச்சாபீஸ்காரர் அடித்த நூறில் மூன்றுதான் திரும்பியது. மதுரைக்காரருடையது இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. மெட்ராஸ் பில்லைக் கையில் எடுத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைவெளேரென்று தாள், ஆனால் எல்லாம் இங்கிலீஷ். கதவு எண்ணையும் தெருவையும் ஆபீஸில் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனேன். ஐந்து எழுத்து விலாசத்தில் இரண்டு எழுத்துதான் இருந்தது, மீதிக்கு அந்த அட்டையில் இடம் இல்லையாம். அதனால் பங்காளி வீடு ஏழும் ஒன்றுபோல இருந்தன. கதவோ பூட்டின பின்வாசல். தட்டித் தட்டி என் கைதான் வலித்தது. நூறில் ஐம்பத்தெட்டு திரும்பி வந்தது. பழைய சேலைக் கரையைக் கிழித்து மூன்று கட்டாகக் கட்டினேன். மெட்ராஸ் கட்டுதான் பெரிய கட்டு.

மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனேன். மேனேஜர், டைப் அடிக்கிறவர், மெட்ராஸ்காரர் மூன்று பேரும் இருந்தார்கள். கட்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு மேனேஜர், கட்டு கொடுத்ததற்குக் கையெழுத்துப் போடும்மா என்று மூன்று தாளை நீட்டினார். தமிழில்தான் டைப் அடித்திருந்தது. இரண்டு தாள் இரண்டு வரி. மூன்றாவது தாள் மட்டும் நாலைந்து வரி. நீளமாக இருக்கிறதே என்று என் கண்ணில் பட்டது. பட்டும் நான் வாசிக்கவில்லை. மூன்று ஆண்கள் நின்று பார்க்கிற இடத்தில் உதட்டை அசைத்து அசைத்து எழுத்துக்கூட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவள், வாசிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று. பேனாவை வாங்கி மூன்றிலும் சரசரவென்று போட்டேன். கடைசி எழுத்தைச் சுழித்தும் விட்டேன்.

அடுத்த கூட்டத்தில் முடிவு பண்ணினார்கள். மேனேஜர் தாள்களை எடுக்கிற நேரத்தில், எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிவரும்படி என்னை அனுப்பினார். நான் கூடையோடு திரும்பி வந்தபோது முடிந்துவிட்டது. மெட்ராஸ் கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அச்சாபீஸ்காரர் வெளி பெஞ்சில் இருந்து எழுந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்றால், ஐம்பத்தெட்டு திரும்பியது இவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் டைக்கும் ஓட்டை அட்டைக்கும் மயங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. வெயிலில் மூன்று தடவையாக முந்நூறு கதவு தட்டினேன், அதற்கு இவ்வளவுதான் மதிப்பா? கூட்டத்தில் அக்கா என்று சொன்ன மில்காரர்கூட சோடா குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே கொதித்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். அவர்களாக வந்து சொல்லட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

முதல் அரை வருஷத்து பில் ஊர் முழுவதற்கும் வந்தது. பாதிக்கு மேல் பின்வாசல். மேனேஜரிடம் போய், ஐயா இதெல்லாம் பூட்டின கதவு, முகப்புக்குக் கொண்டுபோகவா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போட்டிருக்கிற கதவுல போடும்மா. ஆள் இல்லாட்டிக் கதவுக்கு அடியில தள்ளிட்டு வா. மிஷினுக்கு மேல உனக்குத் தெரியுமா?" என்றார்.

பின்வாசலில் இருந்து முகப்புக்குச் சுற்றிக்கொண்டு போக அதிக நேரம் ஆகாது. தெருமுனை திரும்பினால் வந்துவிடும். நான் போகவில்லை. அப்படியே செய்கிறேன், அப்போதுதான் இவர்களுக்குத் தெரியும் என்று, ஒரு வீடு விடாமல் பூட்டின கதவுக்கு அடியில் தள்ளினேன். யாருக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று நினைத்தேனோ அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பணம் கட்டவில்லை என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அதையும் அதே கதவில் தள்ளினேன். அப்புறம் குழாயைத் துண்டிக்கிற பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு ஆச்சி வீடு இருந்தது. கிணற்று வீடு. பரீட்சைக்குக் குறித்த நூறு வீட்டிலும் அது ஒன்று. ஆச்சி தனியாக இருந்தார், துணைக்குச் சமையல்காரம்மா. நான் பில் கொண்டுபோனால் உட்காரச் சொல்லாமல், மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். என் வீட்டுக்காரர் இறந்தபோது ஆள் அனுப்பித் துக்கம் கேட்ட வீடு. ஆச்சியின் தம்பிக்கு அறுபதாம் கல்யாணம், மலாயாவில் இருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் பின்தெருவிலேயே வைத்துக் குழாயைத் துண்டித்துவிட்டார்கள்.

துண்டித்தவர் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஃபிட்டர். என்னிடம் வந்து, ஆர்டர் வந்துருச்சு மதினி, நான் என்ன செய்யட்டும், அண்ணன் மாட்டின குழாய அறுக்க எனக்கே கை வரல என்றார். பின்னாலேயே ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போனேன். வளவு முற்றம் நிறையப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. இரண்டு பேர் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி நின்னதுக்கு நான் உன்னைக் கூப்பிடல ஆத்தா. கெணறு கெடக்கு, எறைச்சுக்குவேன். எங்க கணக்குப்பிள்ளை உங்க ஆபீஸுக்குப் போனாக. இந்த விலாசத்துக்கெல்லாம் பில்லு சரியாப் போயிச் சேருதுன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியாமே. தாளையே காட்டுனாகளாம். எனக்கு எப்பக் குடுத்த?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி நான் போடவே இல்லை ஆச்சி என்றேன். சொல்லும்போதே அந்த நாலைந்து வரித் தாள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆச்சி சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். இரண்டாம் கட்டு தாண்டி, பின்கட்டு தாண்டி, பின்வாசலைத் திறந்தார். கதவு இறுகிப்போய் ஆளை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. அடியில் பில்லும் நோட்டீஸும் கிடந்தன. ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது.

"யார் போட்டது?"

"நான்தான் ஆச்சி."

"என் வீட்டு முகப்பு எங்குட்டு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் இங்க போட்ட."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. மேனேஜர் இப்படித்தான் போடச் சொன்னார் என்ற பேச்சு என் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்தக் கரையான் தின்ற தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடம் காடு கரை கிடையாது, நகை கிடையாது. அந்தத் தெருக்களில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சு ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் மேனேஜர் ஒரு தாளில் டைப் அடித்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மெட்ராஸ்காரரிடம் ஏதாவது வாங்கினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். வாங்கியிருந்தால்கூட ஒரு காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் வாங்காமல், புது மிஷின் வந்தால் ஆபீஸுக்கு அழகு என்பதற்காக மட்டும் செய்திருந்தால் அது எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறுநாள் காலையில் கவுன்சில் கூட்டம். டம்ளரைத் தொடாமல் நடுவில் போய் நின்றேன். நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மேனேஜர் என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை, சேர்மனைப் பார்த்தேன். மில்காரர் எழுந்து, "என்ன அக்கா இப்ப வந்து கேக்குறீக? நூறும் போயிச் சேந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்ததை வச்சுத்தானே நாங்க கம்பெனிக்குக் குடுத்தோம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. அவர்கள் தெரிந்தே கொடுக்கவில்லை. என் பேச்சை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

கமிஷனர் ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். தாள் வந்தது. கீழே என் கையெழுத்து, சுழித்துவிட்டது உள்பட. சேர்மன் நல்ல மனிதர்தான், சண்டை வேண்டாம் என்று நினைக்கிறவர். அவர் சொன்னார், "தாள்தான் இருக்கேம்மா. படிச்சதா வச்சுக்குவோம். உனக்கு என்ன குறைன்னு சொல்லு."

"வைக்க வேண்டாங்கய்யா. நான் படிக்கிறேன்."

கொடுத்துவிட்டார். நான் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான். "மேற்படி" என்பதற்கே கொஞ்ச நேரம் ஆனது. முன் வரிசையில் ஒருத்தர் சிரித்தார். இன்னொருத்தர் கடியாரத்தைப் பார்த்தார். முதல் வரி முடிகிற வரைக்கும் என் காது சூடாக இருந்தது. அப்புறம் அது போய்விட்டது. உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள், நிற்கிறவள் நான், எனக்கே அவசரம் இல்லை என்றால் அவர்களுக்கு என்ன? "சேர்ப்பிக்கப்பட்டன" என்ற சொல்லில் மூன்று தடவை தடுக்கி நாலாவது தடவை தாண்டினேன். மேற்படி கம்பெனியின் நூறு பில்களும் உரிய வீட்டுக்காரர்களிடம் சேர்ப்பிக்கப்பட்டன, இதற்கு நான் பொறுப்பு என்று இருந்தது.

"இது பொய். அம்பத்தெட்டு திரும்பி வந்துச்சு. கட்டு இவுக பீரோவுல இருக்கு."

மேனேஜர் அப்படி ஒரு கட்டே வரவில்லை என்றார். கமிஷனர் சாவியைக் கேட்டார். சாவியைத் தேட மேனேஜருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆபீஸில் எந்தத் தாளையும் தூக்கிப்போட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். கீழ்த் தட்டில் இருந்து வந்தது, என் சேலைக் கரையாலேயே கட்டினபடி. மில்காரர் அதை அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு அடித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தித்தான் அடித்தேன். அது ரெக்கார்டு, அதில் கை வைக்கக் கூடாது என்று கமிஷனர் சொல்லி முடிப்பதற்குள் அடித்துவிட்டேன். அவருக்குக் கோபம். ஆனால் கட்டு மேசையில் கிடக்கிறது, என்ன செய்வார்? கோடு அடித்ததற்கு ஒரு வாக்குமூலம் எழுத வேண்டும் என்றார். எழுதுங்கள், இன்னொன்றும் எழுதுங்கள் என்றேன். ஊருக்கு வந்த பில்லையும் நோட்டீஸையும் பூட்டின கதவில் தள்ளியது நான், முகப்பு தெரிந்தும் தள்ளினேன், அதற்கு என்னைக் கேளுங்கள். நூறும் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

கமிஷனர் பேனாவை நிறுத்தினார். "அது எதுக்கும்மா? உன் வேலைக்கே வந்துரும். விட்டுருவோம்."

"எழுதுங்கய்யா. ஆச்சிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லத் தெரியாது எனக்கு."

எழுதினார். நீட்டினார். அதையும் நின்று வாசித்தேன், முழுக்க. அவர் எழுத்து கோணல், டைப் அடித்ததைவிடக் கஷ்டம். கொஞ்ச நேரத்துக்கு மேல் ஒருத்தரும் கடியாரத்தைப் பார்க்கவில்லை. முடித்த பிறகு கையெழுத்துப் போட்டேன். சுழிக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஃபிட்டர் போய் ஆச்சி வீட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினார். மற்ற வீடுகளுக்கு ஒரு வாரம் ஆனது. எனக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். மேனேஜர் சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டுக் கார் வைத்துத்தான் அனுப்பினார்கள். மெட்ராஸ் கம்பெனிக்குக் கொடுத்த ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க முடியாது என்று அது முடிகிற வரைக்கும் அவர்கள்தான் பில் அடித்தார்கள், அதே இங்கிலீஷில், அதே பின்வாசல் எண்ணோடு. நான்தான் அதை எடுத்துக்கொண்டு முகப்புக்குச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அச்சாபீஸ்காரர் பிறகு டெண்டர் பக்கமே வரவில்லை. வெயிலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் கசக்கும். அவர் அன்று பெஞ்சில் இருந்து பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் அதைக் கேட்க வரவில்லை.

அடுத்த பில்லை ஆச்சி வீட்டுக்கு முகப்பு வழியாகக் கொண்டுபோனேன். ஆச்சி கை நீட்டி வாங்கினார். உட்காரச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த தடவையும் சொல்லவில்லை. அவர் செய்தது சரிதான், அதற்காக நான் அவர்மேல் கோபப்பட்டதில்லை.

மேனேஜர் மட்டும் அதற்குப் பிறகு சம்பள நோட்டை என் பக்கம் தள்ளும்போதெல்லாம், சுற்றி இருக்கிறவர்கள் சிரிக்க வேண்டும் என்று, "படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா" என்பார். நான் அவருக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து உட்காருவேன். நோட்டின் தலைப்பில் இருந்து ஆரம்பிப்பேன். மாதம், வருஷம், பெயர், வேலை, தொகை, பிடித்தம். உதட்டை அசைத்து, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. எனக்குப் பின்னால் சம்பளம் வாங்க நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்பார்கள். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாதாமாதம் வாசித்ததில் எனக்கு வாசிப்பு கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. இருந்தாலும் மெதுவாகத்தான் வாசித்தேன்.